பாலத்தின் மேல் எங்கள் கார்

எங்கள் குடியிருப்பு முடிச்சூர்ப் பக்கம் பள்ளத்தில் இருக்கிறது. வாங்கும்போது யாரும் அதைச் சொல்லவில்லை. முதல் வெள்ளம் வந்து சொன்னது. அதிலிருந்து, புயல் என்று செய்தி வந்தாலே செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிடுவார்: எல்லாக் கார்களும் சாயங்காலத்துக்குள் ரயில்வே மேம்பாலத்துக்குப் போக வேண்டும். ஊர்வலமாகக் கிளம்புவோம். நிறுத்திவிட்டு, அங்கேயே டீ குடித்து, ஆட்டோவில் நெருக்கியடித்துத் திரும்புவோம். ஏதோ கல்யாணத்துக்குப் போய்வந்த மாதிரி இருக்கும். மோட்டார், டீசல், மெழுகுவத்தி எல்லாம் தயார். நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று எங்களுக்கே ஒரு நினைப்பு.

அந்த வருஷம் என் கணவருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தது. குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரோட்டிக் கூட்டிப்போவேன். புயல் செய்தி வந்த மறுநாள்தான் அவர் போக வேண்டிய முறை. அவசரமென்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் காரைக் கொண்டுபோய்ப் பாலத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு வந்தேன்.

விடிந்தபோது மாடிப்படியில் பாதி தண்ணீருக்குள் இருந்தது. மெயின் ரோடு வரைக்கும்தான் வர முடியும் என்றார்கள் ஆம்புலன்ஸில். மெயின் ரோட்டுக்கு நாங்கள் எப்படி வருவது என்று கேட்டால், படகு ஏதாவது கிடைக்குமா பாருங்கள் என்றார்கள், பாவம்.

சாயங்காலத்துக்குள் அவருக்குக் கால் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். சுற்றிலும் தண்ணீர், அவருக்கோ ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் கூடாது. நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு என்று ஒன்று அங்கே இல்லை. அவ்வளவு பயம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

குழுவில் யாரோ பாலத்தின் படத்தைப் போட்டு, ஒரு வண்டிகூட நனையவில்லை என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரைக் கொண்டுபோக ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். கும்பிடும் கைகளாக வந்து விழுந்தன.

மறுநாள் மீனவர்கள் படகோடு வந்தார்கள். செயலாளரும் இன்னும் இரண்டு பேரும் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தார்கள். நேரே பாலத்துக்கு விடச் சொன்னேன். கார் சாவியை உள்ளங்கையிலேயே இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பாலத்தில் கார்கள் மூன்று வரிசையாக, கையை நுழைக்க இடமில்லாமல் நின்றன. எங்களுடையது சுவரோரம், கடைசியில். முன்னால் நின்ற கார்களுக்குச் சொந்தக்காரர்களெல்லாம் வெள்ளத்துக்கு நடுவே, மாடிகளில், பத்திரமாகச் சாவியோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு காரின் பானெட்டை ஓங்கி அறைந்தேன். கைதான் வலித்தது.

படகுக்காரர் சுற்றிப் பார்த்தார். "இன்னாக்கா, இவ்ளோ காரு கீது, ஒண்ணுகூட நவுராதா?"

படகில் ஏற்றப் பால் கொண்டுவந்த வேன் ஒன்று பாலத்தின் மறுமுனையில் நின்றது. டிரைவர் இவர் முகத்தைப் பார்த்தார். பின்கதவைத் திறந்துவிட்டார். கவிழ்த்துப் போட்ட கூடைமேல் இவர் உட்கார, நான் முதுகைத் தாங்கிக்கொண்டேன். அப்படித்தான் குரோம்பேட்டை போய்ச் சேர்ந்தோம். அன்று சாயங்காலம் அவர் கால்நீட்டிப் படுத்துத் தூங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இந்த வருஷமும் புயல் செய்தி வந்தது. பாலத்தில் ஒரே வரிசையாகத்தான் நிறுத்த வேண்டும் என்று செயலாளர் புதிதாக ஒரு விதி சேர்த்திருந்தார். எங்கள் பக்கத்து முன்னேற்றம் அவ்வளவுதான். நான் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினால், இவர் சட்டை மாட்டி, மருந்துப் பையோடு வாசலில் நிற்கிறார்.

"காரோட என்னையும் கொண்டுபோய் மேல விட்டுடு," என்றார். "அதைத்தானே எல்லாரும் காப்பாத்துறீங்க."