ஆடிக்கு முன்னால் இடித்த வீடு

நகராட்சியின் வீட்டுத் திட்டப் பட்டியலில் எங்கள் பெயர் வந்தபோது ஆனி முடியச் சில நாட்களே இருந்தன. பழைய வீட்டை இடித்துவிட்டு அரசாங்கப் பணத்தில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரும் வீட்டு வேலை தொடங்கமாட்டார்கள். அதனால் மிச்சமிருந்த ஒரு நல்ல நாளில் தகரத்தை இறக்கி, மண்சுவரை இடித்து, மூலையில் கல் ஊன்றிவிட்டோம். சாமான்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் போயின.

நான்காம் நாள் ஓவர்சியர் வந்தார்.

"எங்கம்மா வீடு?"

"இடிச்சிட்டோம் சார்."

"யாரு இடிக்கச் சொன்னா? பழைய வீட்டுக்கு முன்னால உன்னைய நிப்பாட்டிப் போட்டோ எடுத்தாத்தான் உத்தரவே வரும். வெறும் மண்ணக் காட்டுனா பேரத் தள்ளிருவாங்க."

கணவர் மலையில் ஏலத்தோட்ட வேலையில் இருந்தார். கவுன்சிலரை நான்தான் பார்க்க வேண்டும். கவுன்சிலர் ஒரு பெண். ஆனால் தெருவில் கவுன்சிலர் என்றால் அவர் வீட்டுக்காரர்தான். நாங்கள் போனபோது அவர் தெருமுனையில், பழைய அலங்கார வளைவை இடித்த இடத்தில் புது வளைவுக்குக் குழி தோண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏலக்காய்க் கடையில் நாளெல்லாம் குனிந்து காய் பிரிப்பவள் நான். "அண்ணே" என்றேன், அதற்குமேல் வரவில்லை. கூட வந்த அக்காதான் சொன்னாள்.

"அப்படி என்ன ஆத்தா அவசரம்?" என்று சிரித்தார் அவர். "தகரத்தத் திரும்ப மாட்டுங்க. ஓவர்சியர வரச் சொல்றேன்."

"நீங்க பழைய வளைவ இடிக்கையில எவன்ணே போட்டோ எடுத்தான்?" என்றாள் அக்கா.

"அது ஊர்ச் சோலி ஆத்தா."

கணவர் இறங்கி வந்தார். கம்பு நட்டு, தகரத்தைப் பழைய ஆணி ஓட்டைகளிலேயே வைத்து அடித்தோம். சுவருக்குப் பதில் சாக்கு. அக்கா மூன்று கல்லை வைத்து அடுப்பாக்கி, கொடியில் ஒரு சேலையையும் போட்டாள். "இப்பத்தான் வீடு கணக்கா இருக்கு" என்றாள்.

ஓவர்சியர் வந்தது ஆடி பிறந்த பிறகு. "கொஞ்சம் பாவமா நில்லும்மா" என்று சொல்லிப் போட்டோ எடுத்தார். அதற்காக நான் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. போகும்போது, "மேலேருந்து பாக்க வருவாங்க. உத்தரவு வர்ற வரைக்கும் எதையும் மாத்திராதீங்க" என்றார்.

எத்தனை நாள்தான் அடுத்த வீட்டில் படுப்பது? அந்தச் சாக்குக்குள்ளேயே குடியேறினோம். ஆவணி போயிற்று. ஐப்பசியில் புது வளைவைப் பட்டாசு வெடித்துத் திறந்தார்கள். மேலிருந்து ஒருவரும் வரவில்லை. நகராட்சியில் கேட்டால், "வரும்மா" என்கிறார்கள். நானும் அதற்குமேல் கேட்பதில்லை.

மழையில் சாக்கு இற்றுவிட்டது. "ஒரு பக்கமாவது செங்கல் வச்சிரலாமா?" என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். கடையில் பழைய சாக்கு கேட்டு வாங்கியபோது, போட்டோவில் இருந்த அதே நிறத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன்.