கடைசி வரியிலிருந்து படிப்பவர்

துடியலூரில் நாங்கள் கட்டிய பள்ளிக்கு நான் போட்ட வேலை அட்டவணையைச் சரிபார்க்க வந்தவர் என்னைவிட இளையவர். ஒல்லி, செருப்பெல்லாம் சிமெண்ட். அட்டவணையைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கித்தான் படிப்பார். வரிக்கு வரி, “இதுக்கு முந்தி என்னங்க?” என்பார்.

ஜூனில் திறந்தாக வேண்டுமென்று, கான்கிரீட் கூரையைத் தாங்கும் முட்டுகளை, அது முழுதாக இறுகுவதற்கு ஒரு வாரம் முன்பே பிரிப்பதாகப் போட்டிருந்தேன். அவர் பென்சில் அங்கே நின்றது.

“ஏனுங்க, இந்த ரூமுல எந்த கிளாஸ் வருதுங்க?”

“ஏழாவது. என் பொண்ணும் அங்கதான் உக்காருவா.”

பென்சிலை என்னிடம் நீட்டினார். “நீங்களே மாத்திப்போடுங்க. பாப்பாவுக்கு ஒரு வாரம் லீவு சேத்திக் கெடைக்குமுங்க.”

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அந்த வரியை அன்றே என் கையாலேயே திருத்தினேன். என் மகள் அங்கே படிக்கப்போவது தெரிந்துதான் கேட்டாரா, எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பாரா என்று அவரிடம் கேட்காமலே விட்டுவிட்டேன்.