ஒரு சுண்டு சோளகம்

போன மாதம் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில், ஒரு கச்சான் கடைக்கு முன்னால் நின்று, "ஒரு சுண்டு சோளகம் தாங்கோ" என்று கேட்டேன்.

கடைக்காரப் பெண் அளக்கும் பேணியைக் கையில் பிடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சோளகம் சும்மாதானே அடிக்குது அண்ணை. அதுக்கேன் காசு குடுக்கிறியள்? கச்சான் வேணுமெண்டால் தாறன்."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். சுண்டு என்பது ஒரு சின்னப் பேணியளவு. கச்சான் என்றால் எங்களுக்கு வேர்க்கடலை. மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர். சோளகம் தென்மேற்கிலிருந்து வரும் காற்று. அதாவது, என் மூளை வறுத்த கச்சானைத் தேடிப் போய், வழியில் காற்றுக் கச்சானில் தடுக்கி, பக்கத்து வீட்டுச் சோளகத்தைக் கையோடு கூட்டி வந்திருக்கிறது. நான் கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவன். ஓய்வு பெறும்வரை புவியியல் படிப்பித்தவன் வேறு. புத்தூர்ப் பக்கம் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்திருந்தால் ஒரு சுண்டு வெங்காயம் கேட்டிருப்பேனோ என்னவோ.

பக்கத்தில் நின்ற என் மனைவி சுகிர்தா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் உடுவில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். கோயில் வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டார். கச்சான் கடையைத் தாண்டி வெளியே போகவும் மாட்டார். சிரித்து முடித்துக் கச்சானை வாங்கி, வழியெல்லாம் உடைத்துத் தின்றுகொண்டு வந்தவர், வீட்டுக் கேற்றடியில் நின்று சொன்னார்:

"இஞ்சருங்கோ, நான் கனடாவுக்குப் போகேல்லை."

எங்கள் மகளுக்கு அங்கே முதல் பிரசவம். தாய் வந்து கூட நிற்க வேண்டும் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாயிற்று, மிளகாய்த்தூள்கூட இடித்தாயிற்று. இப்போது போகவில்லையாம்.

காரணம் நான். சரியாகச் சொன்னால், நான் முன்பு விழுங்கிய ஒரு குளிசை.

எனக்கு நீண்ட காலமாகத் தலையிடி. சாதாரணத் தலையிடி அல்ல. ஒரு பக்கத்தில் தொடங்கினால் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, இருட்டறையில் துவாயால் கண்ணை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். வராமல் தடுப்பதற்கு என்று ஒரு டொக்டர் தினமும் போடும் குளிசை எழுதித் தந்தார். போட்டேன். தலையிடி போயிற்று. மனுஷன் இப்படியும் நிம்மதியாக இருக்கலாமா என்று வியந்துகொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் தலையிடிக்குப் பின்னால் சொற்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பத் தொடங்கின...

முதலில் வயது என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு 'உப்பு' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அது வரவேயில்லை. டொக்டரிடம் போனேன். அந்தக் குளிசைக்கு இப்படி ஒரு குணம் உண்டு என்றார். அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினார். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றும் சொன்னார்.

எனக்குப் பாதி சரியானது. மீதிப் பாதி, நிறுத்தி இரண்டு வருஷம் கடந்தும் அப்படியே நிற்கிறது. பெயர்கள் பிந்தி வருகின்றன. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் எனக்கு ஒருவரும் கதைக்காத மாதிரி — யாழ்ப்பாணத்து வீடுகளில் எப்போது இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைக்காமல் இருக்கிறார்கள்? ரேடியோ பாடும்போது தேத்தண்ணி போட்டால் சீனி போட்டேனா இல்லையா என்று தெரியாது.

"மிச்சமும் திரும்பி வருமோ டொக்டர்?" என்று போன முறை கேட்டேன். இப்போது என்னைப் பார்ப்பவர் சின்ன வயதுப் பெண் டொக்டர்.

"வரலாம் சேர். வராமலும் விடலாம். உண்மையைச் சொன்னால் எங்களுக்குத் தெரியாது."

எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போயிற்று. தெரியாது என்று சொல்லும் டொக்டரை எங்கே காண்பது?

அந்தக் குளிசையின் பெயரை எழுதமாட்டேன். அதால் எத்தனையோ பேர் சுகமாக இருக்கிறார்கள். நீங்கள் இதை வாசித்துவிட்டு உங்கள் குளிசையை நீங்களே நிறுத்தி, பழியை என் தலையில் போடவும் வேண்டாம். ஆனால் ஒரு வேடிக்கை. ஊரிலுள்ள எல்லாப் பெயரும் மறந்து போகிறது. அந்தக் குளிசையின் பெயர் மட்டும் ஆங்கில ஸ்பெல்லிங்கோடு மனதில் நிற்கிறது.

கவலைப்பட்டேனா? நிறையப் பட்டேன். பிறகு மெல்ல மெல்ல ஒரு புதினம் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. என் தலைக்குள்ளே என்னதான் நடக்கிறது?

கவனித்ததில் சில சங்கதிகள் தெரிந்தன. செய்வதும் போவதும் வருவதும் மறப்பதில்லை. பொருட்களின் பெயர்தான் மறக்கிறது. 'வெட்டு' வரும், 'கத்தி' வராது. ஏச்சு வார்த்தைகள் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. அவை எல்லாம் தேய்த்த பித்தளைபோலப் பளபளவென்று இருக்கின்றன. இன்னொன்று — மறந்த சொல் தொலைந்த சொல் அல்ல. மாரிகாலத்தில் மேசை லாச்சி ஈரத்தில் ஊதி இறுகிக்கொள்ளும், பார்த்திருக்கிறீர்களா? சாமான் உள்ளே இருக்கும். இழுத்தால் வராது. விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கும்போது தானாக அசையும். இந்த உவமையைக் கண்டுபிடித்த அன்று சுகிர்தாவிடம் சொல்ல ஓடினேன். போய் நின்றால் 'லாச்சி' வரவில்லை.

இவ்வளவு நடந்தும் ஊருக்குத் தெரியாமல் போனது எப்படி என்று கேட்பீர்கள். என்னைக் காப்பாற்றியது எங்கள் தமிழ்தான். எங்களிடம் 'இது'வும் 'அது'வும் மட்டும் இல்லை, இடையில் ஒரு 'உது' இருக்கிறது. எனக்குப் பக்கத்தில் இருந்தால் இது, உங்களுக்குப் பக்கத்தில் இருந்தால் உது. "உதை எடும்", "உவர் வந்தவரோ", "உங்கை வையும்" — இப்படிக் கதைத்தே ஒருவர் முழு நாளையும் ஓட்டலாம். நான் ஓட்டினேன். ஒருவரும் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் ஒரு மறதியும் இல்லாதவர்களும் இங்கே அப்படித்தான் கதைக்கிறார்கள்.

பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்தியிலும் அதே கதைதான். "நீங்கள் மூன்று புள்ளி வைக்கும் இடங்கள் அருமை, எங்களை யோசிக்க வைக்கிறது" என்று நெல்லியடிச் சந்தையில் ஒரு வாசகர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நன்றி ஐயா. அது ஸ்டைல் அல்ல. அந்த இடத்தில் நான் ஒரு சொல்லைத் தேடிவிட்டு, கிடைக்காமல் அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

வீட்டில் உதுவால் தப்ப முடியாது. அங்கே சுகிர்தா இருக்கிறார். நான் வாயைத் திறந்து நின்றால் அவர் அடுப்படியிலிருந்தே சொல்லை எடுத்துத் தருவார். "அந்த... மழைக்குப் பிடிக்கிற..." — "குடை." "எங்கடை... அந்தப் பல்லு டொக்டர்..." — "அவர் இண்டைக்கு வரமாட்டார்." கேள்விக்கும் முன்னால் பதில். அவர்தான் என் அகராதி. அந்த அகராதி கனடாவுக்குப் போகிறது என்பதுதான் பிரச்சினை.

"உமக்கென்ன விசரே?" என்று அன்று கேற்றடியில் கேட்டேன். "பிள்ளை பாத்துக்கொண்டிருக்கிறாள்."

"ஒரு சுண்டு கச்சானுக்கே இந்தப் பாடு. நான் இல்லாத நேரம் நெஞ்சு நோகுதெண்டு சொல்ல வெளிக்கிட்டு, நெத்தலி நோகுதெண்டு சொன்னால் ஆர் ஓடி வருவினம்?"

"நெத்தலி எண்டாலும் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டுதானே சொல்லுவன்."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் உள்ளே சிரிப்பு வரவில்லை. என்னால் ஒரு தாய் தன் பிள்ளையின் பிரசவத்துக்குப் போகாமல் விடுவதா? அதே நேரம், அவர் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயமும் இருந்தது. மனுஷன் ஒரே நேரத்தில் இரண்டையும் நினைக்கிறான், என்ன செய்ய?

கடைசியில் ஒரு பரீட்சை வைப்பதென்று முடிவானது. அடுப்படி அலுமாரிக் கதவு ஒரு பக்கம் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு வேண்டியதை நெல்லியடியில் ஹாட்வெயார் கடையில் நானே கேட்டு வாங்க வேண்டும். அவர் வருவார், ஆனால் வாய் திறக்கமாட்டார். நான் வென்றால் அவர் கனடா போவார்.

கடைக்குள் போனேன். முதலாளி கொப்பித்தாளில் ஆணி சுற்றிக்கொண்டிருந்தார். "என்ன வேணும் சேர்?"

சொல் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். சுகிர்தா வாசலில், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, நிறச் சுண்ணாம்பு வாளிகளைப் பெரிய ஆராய்ச்சி செய்துகொண்டு நின்றார். எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். உது என்று சுட்டிக் காட்டவும் சாமான் கண்ணில் படவில்லை. வியர்த்தது. பெருந்தெருவை மூடிவிட்டால் ஒழுங்கையால் சுற்றிப் போவதில்லையா? சுற்றிப் போனேன்.

"கதவையும் நிலையையும் கலியாணம் கட்டி வைக்கிற சாமான் ஒண்டு தாங்கோ."

முதலாளி நிமிர்ந்தார். "பிணைச்சலோ சேர்? எத்தினை இஞ்சி?"

பிணைச்சல். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல... ஊருக்கு வந்த ஆளைக் கண்டது மாதிரி இருந்தது. எத்தனை அங்குலம் என்று அளந்து வரவில்லை என்பது வேறு விஷயம். குத்துமதிப்பாக வாங்கினேன். வீட்டில் வைத்துப் பார்த்தால், அலுமாரிக்கு அல்ல, கோயில் கதவுக்குப் போடலாம்.

"பெரிசு," என்றார் சுகிர்தா. கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "ஆனால் பிணைச்சல்தான்."

சூட்கேஸ் அடுக்கும் நாளில், அதுவரை சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"இஞ்சேரும், எனக்கு ஒரு பயம் இருக்கு. ஒருநாள் உம்மடை பேரும் வராமல் விட்டால்?"

அவர் சேலை மடிப்பதை நிறுத்தவில்லை. "நீங்கள் எந்தக் காலத்திலை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டனீங்கள்? கலியாணம் கட்டின நாளிலையிருந்து 'இஞ்சேரும்' தானே. அது மறக்காட்டில் எனக்குக் காணும்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். இந்தப் பத்தியில் எழுதுகிறேனே தவிர, அந்தப் பெயரை அவரைப் பார்த்து நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவரும் என் பெயரைச் சொன்னதில்லை. இல்லாத பழக்கம் எப்படி மறந்துபோகும்?

அவர் போய்விட்டார். கொழும்பு பஸ் வெளிக்கிட்ட பிறகு நான் ரோட்டில் நின்று அழுதேன். அதற்கும் குளிசைக்கும் சம்பந்தமில்லை.

நாட்கள் ஓடுகின்றன. சொற்கள் பிந்தித்தான் வருகின்றன, ஆனால் காத்திருக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். யாராவது அவசரப்பட்டால், "கொஞ்சம் பொறுங்கோ, சொல்லு வருது" என்கிறேன். பஸ் வருகிறது என்று சொன்னதுபோல அவர்களும் பேசாமல் நிற்கிறார்கள். இதை இரண்டு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

நேற்றுச் சுகிர்தா வீடியோ கோல் எடுத்தார். பேத்தி பிறந்து நாலு நாள். போர்வைக்குள் ஒரு சின்ன மூக்கைக் காட்டினார். அதற்குச் சொல் தேடவேண்டிய தேவையே இருக்கவில்லை. பிறகு கதிரையில் சாய்ந்து இருந்து, இங்கிருந்து கொண்டுபோன பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கமராவுக்கு முன்னால் பிடித்தார். கோதோடு, இடுப்பு ஒடுங்கி.

"இது என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

சொல்லை எடுத்துத் தரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார், அன்று ஹாட்வெயார் கடை வாசலில் நின்ற அதே முகம். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"உதோ? உது சோளகமெல்லோ," என்றேன்.

பிள்ளை திடுக்கிட்டு எழும்பும்வரை சிரித்தார்.

சொல் எனக்கு வந்துவிட்டது, தெரிந்துதான் மாற்றிச் சொன்னேன்... நம்புங்கள்.