‘முக்குங்க’ என்றார் மிஸ்

போன வருடம் மழைக்காலத்தில், கண்டியில் ஒரு வைத்தியசாலையின் பிசியோதெரபி அறையில் நடந்தது இது. குண்டசாலையிலிருந்து தினமும் பஸ்ஸில் கண்டிக்கு வந்து படிப்பிக்கும் ஆசிரியை நான்.

தும்மினால், இருமினால், படியேறினால் எனக்குச் சிறுநீர் சிந்திவிடும். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து கொஞ்சம் இருந்ததுதான். மாதவிடாய் நின்றபின் கூடிவிட்டது. பாடசாலை நாட்களில் காலைத் தேத்தண்ணீரை நிறுத்தினேன். பஸ்ஸில் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். எங்கே போனாலும் கண் முதலில் கழிவறையைத் தேடும். கைப்பையில் எப்போதும் ஒரு மாற்றுப் பாவாடை மடித்து இருக்கும்.

ஒரு நாள் வகுப்பில் வெண்கட்டித் தூள் மூக்கில் ஏறி, அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. பாடம் முடிந்து, பிள்ளைகள் எல்லோரும் வெளியே போகும்வரை நான் கதிரையை விட்டு எழவில்லை. அன்றே கணவரிடம், முன்கூட்டியே ஓய்வு எடுக்கப்போகிறேன் என்றேன். காரணம் சொல்லவில்லை. "ஏன், பிள்ளைங்க அவ்வளவு குழப்படியா?" என்று சிரித்தார்.

கடைசியில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசை தளர்ந்திருக்கிறது, முதலில் பயிற்சி செய்து பாருங்கள் என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார். இதுவும் சரிவராவிட்டால் வேலையை விடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

பயிற்சி சொல்லித்தந்தவர் ஒரு சிங்களப் பெண். எல்லோரும் ‘மிஸ்’ என்று கூப்பிட்டார்கள். அன்று சனம் நிறைய, அவருக்கு அவசரம். நான் சிங்களத்தில் பேசத் தொடங்கியும் அவர் விடவில்லை, தமிழில்தான் சொன்னார். "அம்மா, கீழ நல்லா முக்கணும். பிறகு லூஸ் விடணும். ஹரி?" ‘சரியா’ என்பதை மட்டும் சிங்களத்தில் கேட்டார்.

எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. முக்குவது பிள்ளை பெறும்போது செய்வதாயிற்றே! ஆனால் எனக்காக அவர் சிரமப்பட்டுத் தமிழ் பேசும்போது திருப்பிக் கேட்பது மரியாதையா? தலையாட்டிவிட்டு வந்தேன்.

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் நான். காலை மாலை தவறாமல், அறைக் கதவைச் சாத்திவிட்டு, கழுத்து நரம்பு புடைக்க முக்கினேன். வாரங்கள் போகப்போக நிலைமை மோசமானது. கீழே ஏதோ இறங்குவதுபோல ஒரு பாரம் வேறு. இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஓய்வு பற்றிச் சொல்லப் பாடசாலை அதிபரின் அறை வாசல்வரை போய்ப்போய்த் திரும்பினேன்.

அடுத்த கிளினிக்கில், திரைச்சீலை மறைத்த கட்டிலில் படுக்கவைத்து மிஸ் என் வயிற்றில் கைவைத்தார். "செய்ங்க, பாப்போம்."

முக்கினேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஐயோ அம்மா, என்ன இது? மேல! மேல!"

"மேல எப்படி மிஸ் முக்குறது?"

"முக்குங்க, நல்லா முக்குங்க, ஆனா மேல!"

அப்போது பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல். "அல்லாஹ்வே! முக்காதீங்க அக்கா! புள்ளயா பெறப் போறீங்க? அடக்கோணும். கலியாண வீட்டுல காத்து வந்தா எப்பிடி அடக்குவீங்க, அப்பிடி உள்ளுக்கு இழுங்க. மூச்ச மட்டும் அடக்க வாணாம்."

பிறகு அவரே மிஸ்ஸுக்குச் சிங்களத்தில் ‘முக்கு’ என்றால் என்னவென்று விளக்கினார். மிஸ் வாயில் கைவைத்துக்கொண்டார். முன்பு பிரசவ வார்டில் வேலை செய்தாராம். அங்கே தமிழ்த் தாய்மாருக்கு எல்லோரும் சொல்வதைக் கேட்டு, பலம்கொடுத்து இறுக்குவதற்குத்தான் அந்தச் சொல் என்று நினைத்துவிட்டார். "அப்ப மத்த அம்மாமாருக்கும் நான் இப்படித்தானே சொன்னது!" என்று பதறினார். அன்றே எல்லோருக்கும் போன் பண்ணித் திருத்திச் சொல்வதாகச் சொன்னார். "அடக்குங்க, மேல இழுங்க" என்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார்.

"மிஸ்ஸும் ஒருக்கா செஞ்சி பாருங்க" என்றது திரைக்குப் பின்னால் குரல்.

மூவரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பில் எனக்குச் சிந்திவிட்டது. என்னவோ, மறைக்கத் தோன்றவில்லை. "இப்பவும் போச்சு" என்றேன் வாய்விட்டு.

"எனக்குந்தான்" என்று பதில் வந்தது.

நான் உடுத்திக்கொண்டு வெளியே வருவதற்குள் அவர் போய்விட்டார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

சரியாகச் செய்யத் தொடங்கியும் உடனே மாறிவிடவில்லை; மாதங்கள் எடுத்தன. பெரிய இருமல் வந்தால் இன்றும் பயம்தான். ஆனால் வகுப்பில் நின்றுகொண்டே தும்முகிறேன். ஓய்வுப் பேச்சை விட்டுவிட்டேன். இத்தனை வருடமாக என் ஒருத்திக்குத்தான் இந்தக் கோளாறு என்று நினைத்திருந்தேனே, ஒரு துணி மறைப்புக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி அதே கவலையோடு படுத்திருந்தாளே என்று நினைக்கும்போதெல்லாம், பக்கத்தில் வந்து உட்காரும் முன்பின் தெரியாத பெண்ணிடமும் இதைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும்போல மனம் பரபரக்கிறது.