லைப்ரரியைப் பிடுங்கிய பகலவன்

என் பெயர் பகலவன். பாபநாசத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

சம்பா பயிர்க் காப்பீட்டுக்கான இணையதளம் கடைசி நேரத்தில் படுத்துக்கொள்ளும். அது எழுந்ததும் மணியடிக்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினால் ஊரே மெச்சும் என்று தோன்றியது. அதற்கு நெட்வொர்க் லைப்ரரி ஒன்று வேண்டும். புத்தகம் வைக்கிற லைப்ரரி இல்லை; இணையத்தோடு பேச மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் மென்பொருள். யூடியூப்பில் ஒருவர் சொல்லச் சொல்ல ஏற்றினேன். எந்த நாளில் தெரியுமா? கடைசி நாள் காலையில். புத்தியுள்ளவன் செய்கிற வேலையா இது?

ஏற்றியதும் கம்ப்யூட்டர் திணறியது. சரி, வேண்டாம் என்று நீக்கப் போனேன். இந்தக் கோப்புகளை வேறு புரோகிராம்களும் பயன்படுத்தலாம், அவற்றையும் நீக்கவா என்று அது மரியாதையாகத்தான் கேட்டது. நான் எங்கே படித்தேன்? ‘ஆம்’ என்று ஒரே அமுக்கு. களை என்று நினைத்து நாற்றைப் பிடுங்கிவிட்டேன். அந்தக் கோப்புகளை நம்பியிருந்த கைரேகை மெஷின் செத்துப்போனது. அதில் என் கட்டைவிரலை வைத்தால்தான் காப்பீட்டுத் தளம் திறக்கும்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் காளியம்மாள் அக்கா. இரண்டு ஏக்கர் குத்தகைச் சாகுபடி. போன வருடம் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயல் மூழ்கியது; காப்பீடு செய்யாததால் ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த வருடமும் அப்படியானால் குத்தகையை விட்டுவிட்டுத் திருப்பூர் போக வேண்டியதுதான் என்றார். மாலை ஐந்து மணிக்குத் தளம் மூடிவிடும்.

அஞ்சு நிமிஷம்க்கா என்று பத்து மணிக்குச் சொன்னேன். மூன்றரைக்கும் அதையேதான் சொன்னேன். ஏற்றினேன், நீக்கினேன், அணைத்துப் போட்டேன், மெஷினைத் துணியால் துடைத்தேன். ஸ்டேஷன் ரோட்டில் ஷமீராவின் மையம் இருக்கிறது. அங்கே அனுப்பியிருந்தால் காலையிலேயே முடிந்திருக்கும். ஆனால் ஷமீராவுக்கு ஒன்றும் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவன் நானாயிற்றே! என் வீம்புக்கு அக்காவின் இரண்டு ஏக்கரைப் பணயம் வைத்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

நாலு மணிக்கு அக்கா, சாகுபடிக்கு அத்தாட்சியாக வி.ஏ.ஓ. கொடுத்த அடங்கல் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். கண் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு ஷமீராவிடம் போய் நின்றேன்.

“மெஷின் போயிடுச்சுங்க. நான்தான் கெடுத்தேன்.”

ஷமீரா அக்காவிடம் அடங்கலை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். நாலு ஐம்பதுக்கு ரசீதை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும், மன்னிச்சிடுங்கக்கா, அடுத்த வருஷம் இப்படி ஆகாது என்றேன். அக்கா ரசீதில் தன் பெயரை இரண்டு முறை பார்த்துக்கொண்டார்.

“அடுத்த வருஷமும் உங்ககிட்டதான் வருவேன் தம்பி. பத்து நாள் முன்னாடியே வந்துடுறேன். நீங்க நிதானமா கெடுத்து முடிச்சாலும், இங்க வர நேரம் இருக்கும்ல.”