முதுகில் ஒட்டிய பதிகம்

தஸ்லிம் தன் வேலைப் பலகையின் அருகே இரண்டு கூடைகள் வைத்திருந்தாள். ஒன்றில் வெறும் கழிவு. மற்றதில் இறைவன் திருநாமம் தாங்கிய துண்டுத்தாள்கள். எச்சமயத்தார் தெய்வமாயினும் அவற்றை எடைக்குப் போடமாட்டாள். கூடை நிறைந்ததும் வேப்பனப்பள்ளியில் தாய்வீட்டு மாந்தோப்புக்குக் கொண்டுபோய்க் குழிதோண்டிப் புதைத்து வருவாள். கிருஷ்ணகிரி அச்சகமொன்றில் அச்சுத்தாள்களைப் பாரமாக மடிக்கத் தொடங்கி, மணமானபின் ஓசூரில் பைண்டிங் கடை வைத்தது வரை இந்த ஒழுங்கை அவள் விட்டதில்லை.

கடைக்கு வருவன பெரும்பாலும் தொழிற்சாலைகளின் இயந்திரக் கையேடுகள். எண்ணெய் ஊறி, தாள் தாளாகக் கழன்றவை. அவற்றைத் தைத்து, முதுகில் துணி ஒட்டி, துணியின் மேல் மைதாப் பசை தடவி, அளவாக வெட்டிய தடித்த பேக்கிங் தாளை அதன்மேல் ஒட்டுவாள். அப்போதுதான் முதுகு விறைத்து நிற்கும்.

அன்று ரத்தினவேல் வந்தார். அம்பாசமுத்திரத்திலிருந்து வேலை தேடி வந்து, வார்ப்படத் தொழிற்சாலையில் தலை நரைத்தவர். புதிதாக பைண்டிங் செய்யப்பட்ட தம் பதிகத் தொகுப்பைக் கண்களில் ஒற்றிக்கொண்டு நடுவே பிரித்தார். முகம் மாறியது.

“ஏம்மா, இதுக்குள்ள தனியா ஒரு தாள் இருந்துச்சுல்லா? என் வீட்டுக்காரி எழுதினது?”

அச்சுத்தாள் ஒன்று தொலைந்துபோக, அதிலிருந்த பதிகத்தை அவர் மனைவி ராசாத்தி எழுதிச் சேர்த்திருந்தாள். பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தவள் என்பதால் கைக்கு எட்டிய பேக்கிங் தாளிலேயே, ஒரு பக்கத்தில் மட்டும், எழுதினாள். அவள் மறைந்து ஓராண்டாகப் போகிறது. வியாழக்கிழமை திதி.

“தேடறேண்ணா. கெடைக்கலைன்னா அந்தப் பாட்டு போன்லயே இருக்கும், பிரின்ட் எடுத்துத் தரேன்.”

“பாட்டு எனக்கு மனப்பாடம்மா. அவ எழுத்துதான் வேணும். படத்துக்கு முன்னால வச்சுப் படிக்கணும்.” கையிலிருந்த தொகுப்பை மீண்டும் புரட்டினார். “ஒருவேளை நான்தான் வீட்டுலயே விட்டுட்டேனோ என்னமோ.”

அந்நேரம் தஸ்லிமின் விரல்கள் கழிவுக் கூடையில் ஒரு தாள்வாரைத் தொட்டன. புரட்டினாள். நீல மை. ஒவ்வோர் அடியின் முதற்சொல் மட்டும் நின்றது; மிச்சம் வெட்டுண்டு போயிருந்தது. உச்சியில் இறைவன் பெயர்.

அவர் தாமாகவே ஒரு வழி திறந்துவிட்டிருந்தார். வாரை மீண்டும் கூடைக்குள் நழுவவிட்டால் போதும். அவளால் இயலவில்லை.

“நீங்க விடலைண்ணா. நான்தான் வெட்டிட்டேன்.”

பழைய தையலைப் பிரிக்கையில் தாள் நழுவி, எழுத்து கீழாகப் பேக்கிங் தாள்களோடு கிடந்திருக்கிறது. வெற்றுப் பக்கத்தைக் கண்டு, நேற்றுக் கொடுத்தனுப்பிய கையேட்டின் முதுகுக்கு அதை வெட்டிவிட்டாள்.

“சாமி பேரு இருக்கே, திருப்பிக்கூடப் பாக்கலியாம்மா?” என்றார் ரத்தினவேல். குரல் உயரவில்லை. அவளுக்கு அது மேலும் வலித்தது.

இருவரும் அந்தக் கையேடு போன தொழிற்சாலையின் வாயிலுக்குச் சென்றனர். பராமரிப்புப் பிரிவின் சுசித்ரா கையேட்டோடு வந்து, செய்தி கேட்டுச் சிரித்தாள்.

“அதான் நேத்துலர்ந்து மெஷின் சத்தமே போடாம ஓடுதாக்கா?” ரத்தினவேலின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு அடங்கியது. “எடுத்துட்டுப் போங்க சார். சாயங்காலம் ஆடிட்டுக்குள்ள வந்துடணும், அவ்ளோதான்.”

கடையில் தஸ்லிம் கையேட்டின் அட்டையைக் கழற்றினாள். தாளின் வெற்றுப்புறம் வெளியே தெரிந்தது. எழுத்துப்புறம் துணியோடு பசையில் இறுகியிருந்தது. கூடையில் கிடைத்த வாரின் ஓரத்தில், எழுத்தின் வால் ஒன்றை ஈரப்பஞ்சால் மெல்லத் தொட்டாள். பஞ்சு நீலமாயிற்று.

“இங்க் பேனா மைண்ணா. தண்ணி வெச்சா தாள் பிரியும், எழுத்து கரைஞ்சிடும்.”

“வைக்காட்டி?”

“மிச்சம் மீதி எழுத்து உள்ளயே இருக்கும். ஆனா யாரும் பாக்க முடியாது.”

ரத்தினவேல் அந்த வெற்றுப்புறத்தை விரலால் தடவினார். பின்பு, “கரைக்காதம்மா,” என்றார்.

நீர் தொடாமல், கத்திமுனையால் துணியோடு தாளை உரித்தெடுத்தாள். பதிகத் தொகுப்பின் அட்டைக்கும் முதுகுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் அதைச் செருகி, பசையின் ஈரம்கூடப் படாதவாறு நூலால் இரு முனையும் தைத்தாள். முதற்சொற்கள் நின்ற வாரை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தொகுப்போடு இறங்கிப் போனார்.

கையேட்டுக்குப் புதுத் துணியும் முதுகுத்தாளும் வேண்டும். தாள் ஒன்றை எடுத்து இருபுறமும் பார்த்தாள், மீண்டும் பார்த்தாள். அவள் முதுகு ஒட்டிய கையேடுகள் இவ்வூரில் எத்தனையோ தொழிற்சாலைகளில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் முதுகுத்தாளையும் அவள் புரட்டிப் பார்த்ததில்லை.

வெறும் கழிவுக் கூடையைத் தரையில் கவிழ்த்து, ஒவ்வொரு துண்டாகப் புரட்டத் தொடங்கினாள்.