ஏழு வரி நிலம்

கொக்கு என்று சொன்னால்தான் ஊரில் அவரைத் தெரியும். வாரப் பத்திரிகை அச்சகத்தில், எழுத்துப் பெட்டிக்கு முன்னால் ஒரு காலில் பாரத்தைப் போட்டுக் கழுத்தை நீட்டி நிற்பார். சட்டென்று குனிந்து பெட்டியின் சிற்றறைக்குள்ளிருந்து ஓர் ஈய எழுத்தைக் கொத்தி எடுப்பார். பெயர் வைத்தவர் யாரோ, கண்ணுள்ளவர். முப்பது வருஷம் அப்படி நின்றதில் இடது தோள் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது.

பத்திரிகையின் முதல் மூன்று பக்கங்களை முதலாளி எழுதினார். அவர் மனைவிகூடப் படிக்கவில்லை. நாலாம் பக்கம் 'விற்பனைக்கு'. ஊர் படித்தது அதைத்தான். காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கிக்கொண்டிருந்த வட்டாரம். வெண்ணெய் ஆலை வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. யாரைப் பார்த்தாலும் எதையாவது விற்றுக்கொண்டிருந்தார்கள். 'கிணறு தோண்டித் தரப்படும், தண்ணீர் வராவிட்டால் பாதிக் கூலி.' 'பாலாடை பிரிக்கும் இயந்திரம், கைப்பிடி மட்டும் இல்லை.' 'சாதுவான கறவை, மூன்றாம் ஈத்து, இடது பக்கம் நிற்கக் கூடாது.' தச்சர் ஒருவர் வண்டிச் சக்கரத்தையும் சவப்பெட்டியையும் ஒரே வரியில் அடக்கியிருந்தார். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது கொக்குக்கு மற்றவர்களைவிட இரண்டு நாள் முன்னாலேயே தெரிந்துவிடும். தொட்டில் விலைக்கு வந்தால் அந்த வீட்டில் இனிப் பிள்ளை இல்லை என்று அர்த்தம்.

ஒரு நாள் அவருடைய அண்ணனே துண்டுக் காகிதத்தோடு வந்து நின்றார். இருபது ஏக்கர் மேய்ச்சல் நிலம், வற்றாத ஓடை, கொட்டில், பதினாலு கறவையுடன்.

"என்னண்ணே இது?"

"கோர்த்துப் போடு. மாடு உதைச்ச முட்டி இன்னும் மடங்க மாட்டேங்குது. பதினாலையும் உங்க அண்ணி ஒருத்தியே கறக்கிறா."

கோர்த்தபோது சரியாக ஏழு வரி வந்தது.

விளம்பரம் மூன்று வாரம் வந்தது. நாலாவது வாரம் திங்கட்கிழமை, ஆலைக்குப் பாலாடை ஏற்றிவந்த வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு அண்ணன் உள்ளே வந்தார்.

"அதை எடுத்துடுடா. அவ மூணு நாளா எங்கிட்டப் பேசல. நிலத்தை வித்தா நான் மாட்டோடயே போயிடறேங்கறா."

அண்ணி சும்மா சொல்கிறவர் இல்லை. அந்த நிலத்தில் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்தது அவர்தான். ஒவ்வொரு கட்டைக்கும் தனக்குப் பிடிக்காத உறவுக்காரர் ஒருவரின் பெயரை வைத்து, அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லியே கோடாலியைப் போடுவார். "அலுப்பே தெரியாது, நீங்களும் செஞ்சு பாருங்க" என்பார். ஓடையோரத்தில் ஒரு கட்டைக்குக் கொக்கு என்று பெயர். அதை மட்டும் தோண்டவில்லை. "மாடு கழுத்துச் சொறிய ஒண்ணு வேணாமா? அதுக்காவது பிரயோஜனப்படட்டும்" என்று சிரிப்பார்.

கொக்கு அந்த ஏழு வரியைப் பக்கத்திலிருந்து எடுத்தார். எடுத்தால், எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறைகளில் போட வேண்டும். அதுதான் முறை. ஆனால் விளம்பரக்காரர்கள் மனம் மாறித் திரும்பி வருவது வழக்கம் என்பதால், அவர் எடுத்ததைப் பிரிக்காமல் நூலால் கட்டி மேசைக்கு அடியில் தட்டில் வைத்துவிடுவார். அதையும் அப்படியே வைத்தார்.

புதன்கிழமை மூன்று மணிக்குப் பக்கத்தை முடுக்கி இறுக்கும் வேளையில், பொலிகாளைக்காரர் வாசலில் நின்றே கத்தினார்: "காளை போயிடுச்சுப்பா! என் விளம்பரத்தைத் தூக்கிடு!"

"வித்துப்போச்சா, செத்துப்போச்சா?"

"ரெண்டும் இல்ல, ஓடிப்போச்சு!"

காளை விட்டுப்போன இடம் ஏழு வரி. பக்கத்தில் ஓட்டை விழுந்தால் முதலாளிக்கு நெஞ்சிலேயே ஓட்டை விழுந்த மாதிரி. அச்சகத்தின் சொந்த விளம்பரம் ஒன்று கைவசம் இருந்தது. ஆனால் அது ஐந்து வரி. மேலும் கீழும் ஈயத்தகடு அடுக்கி நிரப்ப வேண்டும். தகடுகள் உள்ளறையில் இருந்தன. நடந்து போனால் பத்து அடி. கொக்கு குனிந்தார், தட்டிலிருந்து நூல் கட்டிய ஏழு வரியை எடுத்துச் செருகினார். அச்சாணி போலப் பொருந்திற்று. மூணு வாரம் வந்த விளம்பரம்தானே, எவன் வரப்போகிறான். வந்தாலும் விற்கவில்லை என்று அண்ணன் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

அந்தப் பத்தடியைத்தான் அவர் பிற்பாடு வாழ்நாள் முழுக்க நடந்தார்.

சனிக்கிழமை காலை அண்ணன் கொண்டுபோன இரண்டு கேன் பாலாடையை ஆலையில் மோந்து பார்த்து, புளித்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். அதே கேன்களோடு, வலிக்கும் முட்டியோடு அவர் வீட்டுக்கு வந்தால், படலருகே மடித்த பத்திரிகையைக் கையில் பிடித்தபடி ஓர் ஆள் நிற்கிறார். அண்ணி பக்கத்துப் பண்ணையில் கன்று ஈனும் பசுவுக்குத் துணையாகப் போயிருந்தார். அண்ணி கையைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது, அண்ணன் வாக்கும் கொடுத்தாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போன கொக்கு, வாசற்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே அண்ணி பத்திரிகையை விரித்துப் பிடித்திருந்தார். சத்தம் போடவில்லை.

"எடுக்கச் சொல்லிட்டேன்னு சொன்னீங்களே?"

அண்ணன் வாசலில் நின்ற தம்பியை ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார்:

"சொல்லல. இன்னும் ஒரு வாரம் போகட்டும்னு விட்டுட்டேன்."

அப்போது கொக்கு வாயைத் திறந்திருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். திறக்கவில்லை. சாப்பிட்டார்கூட.

சாமான்களை வண்டியில் ஏற்றும் நாளில், கயிறு கட்டுகிற சாக்கில் அண்ணனை ஒதுக்கிப் பிடித்தார். "அண்ணிகிட்ட நான் சொல்லிடறேண்ணே."

"என்னத்தச் சொல்லுவ? நீ ஏழு வரி போட்ட, நான் சரின்னு ஒரு வார்த்தை சொன்னேன். நானே வேணாம்னு சொல்லி அந்த ஆளை அனுப்பியிருக்கலாம்ல? கயித்த இழுத்துக் கட்டு."

ஊருக்குள் வெண்ணெய் ஆலைக்குப் பின்னால் ஒற்றை ஜன்னல் வீடு. அண்ணன் ஆலையில் கேன் கழுவினார். எந்நேரமும் கொதிநீரில் கிடந்து விரல்கள் வெளுத்துப்போயின. அண்ணி நாலு வீட்டுக்குத் துணி தைத்தார். சண்டை கிடையாது. பார்க்கிறவர்களுக்கு நல்ல குடும்பம். கொக்குக்கு மட்டும் ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, "மழை வருது, துணியை எடு" என்பார். அண்ணி எழுந்து ஜன்னலைத் திறந்து வெளியே பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் கொடிக்குப் போவார். கடை சாத்தியிருக்கு என்று அண்ணன் சொன்னால், எதிர்வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். அண்ணன் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் வெளுத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பத்தொன்பது வருஷம் மழை பெய்தது. பத்தொன்பது வருஷமும் ஜன்னல் திறந்தது.

ஒவ்வொரு ஞாயிறும், சாப்பிட்டதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கொக்கு போனார். சாப்பிட்டதும் கிளம்பினார்.

அண்ணன் குளிர்காலத்தில் நெஞ்சுச் சளியில் போனார். ஒரு மாதம் கழித்து, வெயிலடித்த ஒரு மத்தியானம் கொக்கு அண்ணி வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் பழைய பத்திரிகை, நாலாம் பக்கம் மேலே தெரிய மடித்திருந்தது. உட்காரக்கூட இல்லை. காளை ஓடியது, ஐந்து வரி, ஈயத்தகடு, பத்தடி என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

"அண்ணன் எடுக்கச் சொல்லிட்டாரு, அண்ணி. அந்தத் திங்கட்கிழமையே சொல்லிட்டாரு. நான்தான்..."

அண்ணி தையல் மெஷினில் பாதியில் நின்ற துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு வாசல்ல நின்னீங்களே."

"ஆமா."

"அவர் உங்களைப் பாத்தாரு. எதுக்குப் பாக்கிறாருன்னு அன்னைக்கு எனக்குத் தெரியல." கொஞ்ச நேரம் மெஷின் சக்கரத்தை விரலால் முன்னும் பின்னும் உருட்டினார். "எங்கிட்ட அவர் சொன்ன பொய் அது ஒண்ணுதானா, கொழுந்தனாரே?"

"எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான் அண்ணி. சத்தியமா."

அண்ணி எழுந்தார். தன்னைத் திட்டப்போகிறார் என்று கொக்கு கழுத்தைத் தாழ்த்தி நின்றார். திட்டினால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. அண்ணி அவரைத் தாண்டிப் போய், ஜன்னல் கொக்கியை நீக்கி, இரண்டு கதவையும் திறந்து வெளியே பார்த்தார். கொடியில் ஒரு துணியும் இல்லை. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.